செக் குடும்பத்தில் ஒரு பள்ளி ஆண்டு: பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பருவத்தில் செக் குடியரசின் மொராவியாப் பக்கம் ஒரு சிறு நகரத்தில், ஒரு குடும்பத்தோடு தங்கி ஒரு கல்வியாண்டு படித்துவிட்டு வந்தவள் நான். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் கிளம்புகிற பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாக்களும் என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்பது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எக்ஸ்சேஞ்ச் வருஷம்னா சரியா என்ன? படிப்பா, இல்ல ஊர் சுத்திப் பார்க்கிறதா?

ஆகஸ்ட் கடைசிவாக்கில் போய், அடுத்த ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ திரும்புவது. அந்த ஒரு கல்வியாண்டு முழுக்க ஒரு செக் வீட்டில் தங்கி, அந்த ஊர்ப் பள்ளிக்குப் போய் வர வேண்டும். நம் ஊரில் பலரும் கேள்விப்பட்ட வழிகள் இரண்டு: ரோட்டரி சங்கம் நடத்தும் இளைஞர் பரிமாற்றம், மாணவர் பரிமாற்றத்தை நடத்தும் ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு. ரோட்டரி வழியாகப் போகிறவர்களுக்கு 2240 என்ற எண் அடிக்கடி காதில் விழும். செக், ஸ்லோவாக்கியா இரண்டு நாடுகளின் ரோட்டரி சங்கங்களையும் சேர்த்த ரோட்டரி 'மாவட்டத்தின்' எண் அது.

முடிவில் பட்டமோ பட்டயமோ கிடையாது. ஊர் சுற்றுவதும் அவ்வப்போது நடக்கும், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு இன்னொரு பிள்ளையாக ஒரு வருடம் வாழ்வதுதான் இதில் பெரிய விஷயம். கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

பிராக் நகரத்துல போடச் சொல்லிக் கேக்கலாமா?

கேட்கலாம், ஆனால் நம்பி உட்கார வேண்டாம். ஒலோமோட்ஸ், பர்துபிட்ஸே, யிஹ்லவா, ஸ்லீன் மாதிரி நடுத்தர ஊர்களிலோ, அவற்றைவிடச் சிறிய ஊர்களிலோ இடம் கிடைப்பது சகஜம். எந்தக் குடும்பம் வீட்டைத் திறக்கிறதோ அந்த ஊர்தான். நாட்டின் மக்கள்தொகையே சுமார் 1 கோடியே 9 லட்சம். பிராகை விட்டுத் தள்ளிவிட்டால் எல்லாமே நம் கணக்குக்குச் சின்ன ஊர்கள்தான்.

என்னைக் கேட்டால் சிறிய ஊரே மேல். பிராகில் எங்கே போனாலும் ஆங்கிலத்தில் சமாளித்துவிடலாம், செக் மொழி வராமலே வருடம் ஓடிவிடும். சிறிய ஊரில் பேக்கரி அக்கா முதல் பேருந்து ஓட்டுநர் வரை உங்களைத் தெரிந்துகொள்வார்கள். பிராக் ரயிலில் சில மணி நேரம்தான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ரயிலிலும் பேருந்திலும் பாதிக் கட்டணம்.

பத்தாவது முடிச்சுட்டுப் போறதா, பன்னிரண்டாவது முடிச்சுட்டா? அந்த வருஷம் இங்க கணக்குல வருமா?

கணக்கில் வராது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். செக் பள்ளி ஆண்டு செப்டம்பர் 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. நம் ஊரிலோ ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. பத்தாவது தேர்வு எழுதிவிட்டு ஆகஸ்டில் கிளம்பினால், திரும்பும்போது பதினொன்றாம் வகுப்பு தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருக்கும். பள்ளி முதல்வரிடம் முன்கூட்டியே பேசி இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொண்டால் அதைச் சமாளிக்கலாம். நான் சொல்வது இந்த வழிதான்.

பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் போவது வேண்டாம். பாடம் தொடர்ச்சி அறுந்துபோகும், வந்ததும் பொதுத்தேர்வு கழுத்தில் நிற்கும். பன்னிரண்டு முடித்துவிட்டுப் போவதாக இருந்தால் வயது வரம்பைப் பாருங்கள். பள்ளி வயதுக்கான திட்டம் என்பதால் கொஞ்சம் வயது கூடினாலும் விண்ணப்பம் திரும்பிவிடும்.

அந்தக் குடும்பத்துக்கு மாசாமாசம் எவ்வளவு கொடுக்கணும்?

ஒன்றும் இல்லை. ரோட்டரியிலும் ஏஎஃப்எஸ்ஸிலும் உங்களை ஏற்கும் குடும்பம் பணத்துக்காகச் செய்வதில்லை. சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. விமானச் சீட்டு, விசா, காப்பீடு, உடைகள், கைச்செலவு உங்கள் பொறுப்பு. ரோட்டரியில் அங்குள்ள சங்கம் மாதம் ஒரு சிறு கைச்செலவுத் தொகை கொடுக்கும்; ஏஎஃப்எஸ் தனியாகத் திட்டக் கட்டணம் வாங்குகிறது. அங்கே யூரோ இல்லை, கொருனாதான். ஒரு கொருனா ஏறக்குறைய நான்கு ரூபாய் என்று மனக்கணக்குப் போடலாம்.

ரோட்டரி வழியில் இன்னொன்றும் உண்டு: பெயரிலேயே இருக்கிற பரிமாற்றம். உங்கள் பிள்ளை அங்கே இருக்கும் காலத்தில் உங்கள் வீட்டில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளையை ஏற்கச் சொல்லிக் கேட்பார்கள். தயக்கப்படாமல் சரி என்று சொல்லுங்கள். இன்னொருவர் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும்போதுதான் அந்தச் செக் அம்மா உங்கள் பிள்ளைக்காக என்னவெல்லாம் செய்கிறார் என்பது உறைக்கும்.

டூரிஸ்ட் விசாவுல போயிட்டு அங்க மாத்திக்க முடியாதா?

முடியாது, அந்த யோசனையே வேண்டாம். 90 நாளுக்கு மேல் தங்குவதால் படிப்புக்கான நீண்டகால விசா அல்லது தங்கும் அனுமதி வேண்டும், அதையும் இங்கிருந்தே விண்ணப்பித்து வாங்க வேண்டும். பள்ளியின் ஏற்புக் கடிதம், தங்குமிடச் சான்று, பண வசதிக்கான சான்று, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் கேட்பார்கள். செக் மொழியில் இல்லாத ஆவணங்களை அதிகாரபூர்வமாக மொழிபெயர்த்துத் தர வேண்டும். பிறப்புச் சான்றிதழ் போன்ற இந்திய ஆவணங்களுக்கு முதலில் அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்லும் என்று நம் அரசு தரும் சான்று), அப்புறம் மொழிபெயர்ப்பு. இந்த வரிசை மாறினால் இரட்டைச் செலவு.

மாதக்கணக்கில் நேரம் பிடிக்கும். இடம் உறுதியான அன்றே வேலையைத் தொடங்குங்கள். போய் இறங்கியதும் 3 வேலை நாட்களுக்குள் அங்கே பதிவு செய்ய வேண்டும். குடும்பத்தாருக்கு அது தெரிந்திருக்கும், இருந்தாலும் நீங்களே நினைவுபடுத்துங்கள்.

கடிதத்துல அப்பா பேரு நோவாக், அம்மா பேரு நோவாகோவான்னு இருக்கு. ரெண்டு பேரும் கல்யாணம் ஆனவங்கதானா?

பெண்களின் குடும்பப் பெயர் 'ஓவா' என்று முடிவது அங்கே வழக்கம். நோவாக்கின் மனைவியும் நோவாகோவா, மகளும் நோவாகோவா. அதனால் பெயரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆனால் இந்தக் கேள்விக்குள் இருக்கும் கவலைக்கும் நேராகப் பதில் சொல்கிறேன். செக் நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் பெற்றோர் திருமணப் பதிவு செய்யாதவர்கள். விவாகரத்தும் மறுமணமும் சாதாரணம். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் வீட்டில் அம்மா மட்டும் இருக்கலாம். அம்மாவும் அவருடைய துணைவரும் இருக்கலாம். வார இறுதியில் மட்டும் வந்து போகும் அண்ணன் இருக்கலாம். குடும்பத்தைத் தேர்வு செய்யும்போது திட்டத்தை நடத்துகிறவர்கள் அந்த வீட்டுக்கு நேரில் போய்ப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் அன்பு இருக்கிறதா, நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்றது அவர்கள் சொந்த விஷயம், உங்கள் பிள்ளையும் துருவிக் கேட்கக் கூடாது.

செக் மொழி தெரியாம எப்படிச் சமாளிக்கிறது? எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்கதானே?

உங்கள் வயதுப் பிள்ளைகள் பேசுவார்கள், கூச்சத்தோடு. வீட்டு அம்மா அப்பா ஓரளவு. தாத்தா பாட்டி பேச மாட்டார்கள். அவர்கள் படித்த காலத்தில், 1989 வரை, பள்ளியில் கட்டாயமாகச் சொல்லிக்கொடுத்த அந்நிய மொழி ரஷ்யன். ஆனால் உங்களிடம் அதிகம் பேச நேரம் வைத்திருப்பவர்களே அந்தத் தாத்தா பாட்டிதான். அதனால் மொழி வேண்டும்.

வேற்றுமை ஏழு, ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சொல்லின் வால் மாறும். தமிழில் வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு இந்த யோசனை புதிதல்ல, அதனால் பயப்பட வேண்டாம். எழுதியபடியே படிக்கலாம், அழுத்தம் எப்போதும் முதல் அசையில். கிளம்பும் முன் ஒரு நூறு சொற்களும் எண்களும் தெரிந்திருந்தால் போதும். மீதியை அந்த வீட்டுக் குட்டித் தம்பி தங்கையிடம் கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரித்துத் திருத்துகிற ஆசிரியர்கள் அவர்கள்தான்.

அவங்களை எப்படிக் கூப்பிடணும்? அங்கிள், ஆன்ட்டின்னு சொல்லலாமா?

நீ, நீங்கள் வேறுபாடு அங்கேயும் உண்டு. ஆசிரியர், அண்டை வீட்டுக்காரர், கடைக்காரர் எல்லோரும் 'நீங்கள்'தான். வீட்டுப் பெற்றோர் முதல் நாளே 'நீ என்றே சொல்' என்று சொல்லி, பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். நமக்கு நாக்கு கூசும். ஆனாலும் சொன்னபடி கூப்பிடுங்கள், அது மரியாதைக் குறைவு இல்லை. சில வீடுகளில் 'மாமி', 'தாத்தி' என்று அழைக்கச் சொல்வார்கள். அம்மா, அப்பா என்று பொருள். மனசுக்கு வந்தால் அப்படியே அழைக்கலாம்.

இன்னொரு பழக்கம்: கடைக்குள் நுழைந்தாலும், லிஃப்டில் ஏறினாலும், மருத்துவரின் காத்திருப்பு அறையில் கால் வைத்தாலும் 'டோப்ரீ டென்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் நின்றால் வளர்ப்பு சரியில்லை என்று நினைப்பார்கள்.

நாங்க சைவம். பிள்ளை பட்டினி கிடக்குமா?

கிடக்காது. ஆனால் முட்டையும் சாப்பிடாத சைவம் என்றால் கஷ்டம், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய பேர்போன க்னெட்லீக், அதாவது மாவைப் பிசைந்து வேகவைத்துத் துண்டு போடுவது, அதிலேயே முட்டை சேர்ப்பது வழக்கம். பாலாடைக்கட்டியைத் தோய்த்துப் பொரித்தால் அதன் மேல் பூச்சில் முட்டை. சூப்பைக் காய்கறி சூப் என்று சொன்னாலும் அடியில் எலும்புச் சாறு இருக்கலாம். பன்றி இறைச்சி நித்தியம், மாட்டிறைச்சியும் உண்டு. ஸ்விச்கோவா என்ற ஞாயிற்றுக்கிழமை விருந்து மாட்டிறைச்சிதான். எது சாப்பிடுவீர்கள், எது மாட்டீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அந்த அம்மா திண்டாடிப்போவார்.

நல்ல செய்தியும் நிறைய. பழத்தை உள்ளே வைத்து வேகவைத்து, மேலே உருக்கிய வெண்ணெயும் சர்க்கரையும் துருவிய பாலாடைக்கட்டியும் போட்ட உருண்டைகள் அங்கே மதிய உணவு. பலகாரம் இல்லை, சாப்பாடே அதுதான். உருளைக்கிழங்கு அடை, புளிப்பான பயறுக் கூட்டு, காளான் சூப் எல்லாம் உண்டு. சூடான பெரிய சாப்பாடு மத்தியானம்தான். ராத்திரி பல வீடுகளில் ரொட்டியும் வெண்ணெயும் ஏதாவது துண்டு காய்கறியும். சமைக்கவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்.

நீங்களே சமைத்துக் கொடுங்கள், ஆசையாகச் சாப்பிடுவார்கள். மைசூர்ப் பருப்பு சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். அரிசி சின்னச் சின்னத் துளைப் பைகளில் வரும், பையோடு கொதிக்கும் நீரில் போடுவார்கள். 'க்மீன்' என்று எழுதிய பொட்டலத்தைப் பார்த்ததும் சீரகம் என்று எடுத்துவிடாதீர்கள். அது அவர்கள் ரொட்டியில் போடும் வேறு விதை, ரசத்தின் வாசனையே மாறிவிடும். 'ர்ஷிம்ஸ்கீ க்மீன்' என்று இருப்பதுதான் நம் சீரகம். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், புளி மட்டும் கொஞ்சம் கொண்டு போங்கள்.

வந்து ரெண்டு வாரம் ஆச்சு, அவங்க என்கிட்ட அதிகமா பேசவே இல்ல. என்னைப் பிடிக்கலையோ?

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான், செப்டம்பர் நடுவில். பிடிக்காமல் இல்லை. செக் மக்கள் முன்பின் தெரியாதவரிடம் சிரித்துக் குழைந்து பேசுபவர்கள் இல்லை. நெருங்க நேரம் எடுப்பார்கள், நெருங்கிவிட்டால் விட மாட்டார்கள்.

இதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நம் வீடுகளில் 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்றால் 'வேண்டாம், போதும்' என்போம். பரிமாறுகிறவர் விட மாட்டார், நாமும் மூன்றாவது முறையில் தட்டை நீட்டுவோம். அங்கே ஒரு தடவைதான் கேட்பார்கள். 'வேண்டாம்' என்றால் வேண்டாம். தட்டு மூடி போட்டு ஃப்ரிட்ஜுக்குப் போய்விடும். பிள்ளை மாடியில் பசியோடு படுத்திருக்கும். கீழே அந்த அம்மா, 'இவளுக்கு என் சமையல் பிடிக்கவில்லை' என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார். சொன்ன வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் காட்டும் மரியாதை. 'உலாவப் போகிறோம், வருகிறாயா?' என்பதும் அப்படித்தான். களைப்பாக இருக்கிறது என்று ஒரு மாதம் மறுத்தால், உங்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.

அதனால் முதல் இரண்டு மாதம் எதற்கும் சரி என்று சொல்லுங்கள். அறைக் கதவைத் திறந்தே வையுங்கள், வீட்டுப்பாடத்தைச் சமையலறை மேசையில் செய்யுங்கள். இலையுதிர் காலத்தில் காளான் பறிக்கக் கூப்பிடுவார்கள், கட்டாயம் போங்கள். எங்கள் வீட்டுத் தாத்தா மூங்கில் கூடையும் சின்னக் கத்தியும் எடுத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸோடு விடியற்காலையில் வாசலில் நிற்பார். ஒவ்வொரு காளானையும் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டி, தண்டைக் கீறி நிறம் மாறுகிறதா என்று பார்க்க வைப்பார். பேச்சே அதிகம் இருக்காது. ஆனால் காட்டிலிருந்து திரும்பும்போது நான் அவருக்குப் பேத்தி. ஒரே ஒரு எச்சரிக்கை: விஷக் காளான் உயிரை எடுக்கும், பெரியவர்கள் பார்க்காத எதையும் வாயில் வைக்கக் கூடாது.

வீட்டு வேலை செய்யச் சொல்வாங்களா?

சொல்வார்கள், செய்ய வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்திலிருந்து பாத்திரம் எடுத்து அடுக்குவது, குப்பை பிரிப்பது, நாயை வெளியே கூட்டிப்போவது, உங்கள் அறையைச் சுத்தமாக வைப்பது. வாசலில் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம்போலவே. உள்ளே போட வீட்டுச் செருப்பு தருவார்கள், வெறுங்காலோடு நடந்தால் சளி பிடிக்கும் என்று பாட்டி விரட்டுவார்.

'கிம்னாசியம்'னு ஸ்கூல் பேரு வந்திருக்கே, அது ஜிம்மா?

மேல்படிப்புக்குத் தயார் செய்யும் மேல்நிலைப் பள்ளி. காலை 8 மணி சுமாருக்குத் தொடங்கும், ஒரு வகுப்பு 45 நிமிடம். உள்ளே போனதும் வெளிச்செருப்பை மாற்றி வகுப்புச் செருப்பு போட வேண்டும். மதியச் சாப்பாட்டைக் கணினியில் முன்பதிவு செய்து, அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். பதிவு செய்ய மறந்தால் அன்று ரொட்டிதான். மதிப்பெண் 1 என்றால் பிரமாதம், 5 என்றால் தோல்வி. '1 வாங்கினேன்' என்று பிள்ளை சொன்னால் திட்டிவிடாதீர்கள்.

முதல் மாதங்களில் வரலாறும் இலக்கியமும் ஒன்றும் புரியாது. கணக்கு, ஆங்கிலம், ஓவியம், விளையாட்டு கை கொடுக்கும். கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு மதுரிதா என்ற பெரிய தேர்வு இருப்பதால் அந்த வகுப்பு வேண்டாம் என்று சொல்லுங்கள், அவர்களுக்குப் பழக நேரம் இருக்காது.

டான்ஸ் கிளாஸ்ல பையனும் பொண்ணும் ஜோடியா ஆடணுமாமே?

ஆமாம். பதினாறு, பதினேழு வயதில் இலையுதிர் காலத்தில் பலரும் நடன வகுப்பில் சேர்வார்கள். பையன்கள் கோட்டு சூட்டு, பெண்கள் நீள கவுன். வால்ட்ஸோடு சேர்த்து மேசை நாகரிகமும் ஒருவரை முறையாக அழைக்கும் விதமும் கற்பிப்பார்கள். பெற்றோரும் வந்து உட்கார்ந்து பார்க்கும் பழைய, கண்ணியமான வழக்கம் அது. அனுப்புங்கள். வகுப்பு நண்பர்கள் கிடைக்க அதைவிட நல்ல இடம் இல்லை.

குளிர் தாங்குமா? ஸ்வெட்டர் எத்தனை வாங்கணும்?

இங்கே வாங்க வேண்டாம், அங்கே வாங்குங்கள். நம் ஊர்க் கடையில் கிடைக்கும் கனத்த கோட்டு அந்தக் குளிருக்கு உதவாது. வீட்டுக்குள் வெப்பம் இருக்கும். குளிரைவிட இருட்டுதான் சோதனை: டிசம்பரில் மாலை 4 மணிக்கே சூரியன் போய்விடும். வீட்டு ஏக்கம் நவம்பர், டிசம்பரில் கூடுவதற்கு அதுவும் காரணம்.

தினமும் வீடியோ கால்ல பேசலாம்தானே?

பெற்றோருக்குச் சொல்கிறேன்: வாரம் ஒரு முறை போதும். தினமும் பேசும் பிள்ளை உடம்பால் அங்கேயும் மனதால் இங்கேயும் இருக்கும். அங்கே மாலை 6 மணிக்கு நமக்கு, பருவத்தைப் பொறுத்து, இரவு 9:30 அல்லது 10:30. நீங்கள் தூங்கப் போகும் முன் கூப்பிடும் நேரம்தான் அந்தக் குடும்பம் மேசையைச் சுற்றி உட்காரும் நேரம்.

கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் கொண்டாடணுமா? நாங்க சாமி கும்பிடலாமா?

ஐரோப்பாவிலேயே மதப் பற்று மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று செக். கிறிஸ்துமஸ் அவர்களுக்குக் குடும்பத் திருவிழா. டிசம்பர் 24 மாலைதான் முக்கியம்: பொரித்த கெண்டை மீன், உருளைக்கிழங்கு சாலட், அப்புறம் பரிசுகள். அதற்கு முன் வாரங்களில் தெருவோரத் தொட்டிகளில் மீனை உயிரோடு விற்பார்கள். சைவப் பிள்ளைகள் 'கூபா' கேளுங்கள். பார்லியும் காய்ந்த காளானும் பூண்டும் சேர்த்துச் சுட்ட, அந்த நாளுக்கே உரிய பழைய உணவு. ஈஸ்டர் திங்கள் அன்று பையன்கள் பின்னிய வில்லோக் குச்சியோடு வீடு வீடாக வந்து பெண்களின் காலில் மெல்லத் தட்டி, வண்ண முட்டை வாங்கிப் போவார்கள். பிடிக்காவிட்டால் வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள், தடுத்துவிடுவார்.

அறையில் சாமி படம் வைக்கலாம், விளக்கேற்றுவதை மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். ஸ்வஸ்திகா உள்ள படம், டாலர், கோலம் எதுவும் வேண்டவே வேண்டாம். அதையே சின்னமாக வைத்திருந்த நாஜிகளின் பிடியில் 1939 முதல் 1945 வரை இருந்த நாடு. 1942-ல் லிடிட்ஸே என்ற கிராமத்தையே அழித்தார்கள். அந்தச் சின்னத்தைப் பார்க்கும் பாட்டிக்கு நம் விளக்கம் காதில் ஏறாது.

அப்பாவே பீர் ஊத்திக் குடுத்தா என்ன செய்யறது?

பீர் அங்கே சாப்பாட்டின் பகுதி, கெட்ட எண்ணத்தோடு கொடுப்பதில்லை. ஆனால் சட்டப்படி 18 வயது வேண்டும். ரோட்டரியில் நான்கு தடைகள் தெளிவு: மது, போதைப்பொருள், வண்டி ஓட்டுவது, காதல். மீறினால் திருப்பி அனுப்புவார்கள். 'விதி இருக்கிறது, நன்றி' என்று ஒரு முறை சொன்னால் போதும். ஒரு தடவைதான் கேட்பார்கள் என்று மேலே சொன்னேனே, அது இங்கே உங்களுக்குச் சாதகம்.

குடும்பம் ஒத்தே வரலைன்னா? பொண்ணு, பயமா இருக்கு.

ரோட்டரியில் பொதுவாக ஒரே வருடத்தில் இரண்டு மூன்று வீடுகள் மாறுவது வழக்கம், அதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். அதோடு, அந்த வீட்டைச் சேராத ஒருவரை ஆலோசகராக நியமிப்பார்கள். அவர் எண்ணை முதல் நாளே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். அவசர உதவிக்கு 112.

சாப்பாடு பிடிக்கவில்லை, தம்பி சத்தம் போடுகிறான், பேச மாட்டேன் என்கிறார்கள் என்பதெல்லாம் முதலில் அந்த அம்மாவிடமே உட்கார்ந்து பேச வேண்டியவை. யாராவது தொடுவது, அறைக்குள் அனுமதியின்றி வருவது, பேச்சில் சங்கடம் தருவது என்றால் பேசித் தீர்க்க வேண்டியதில்லை. அன்றே ஆலோசகருக்கும் உங்களுக்கும் சொல்ல வேண்டும். 'என்ன நினைப்பார்களோ' என்று யோசிக்காமல் சொல்லலாம், நாங்கள் உன்னைத்தான் நம்புவோம் என்று கிளம்பும் முன்னாலேயே பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நடுவுலயே 18 வயசு முடிஞ்சுடும். அப்புறம் இந்த விதியெல்லாம் பொருந்தாதுதானே?

பொருந்தும். செக் சட்டத்தில் நீங்கள் பெரியவர் ஆகிவிடுவீர்கள், ஆனால் கையெழுத்துப் போட்ட திட்ட விதிகள் ஊர் திரும்பும்வரை மாறாது. பீர் பற்றிச் சொன்னதும் அப்படியே. பிறந்தநாளுக்கு முன்பே காப்பீடும் தங்கும் அனுமதியும் வயதைப் பொறுத்து மாறுகிறதா என்று ஆலோசகரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.